அண்ணையை அதட்டிய ஊர்

விமான நிலையத்துப் பாதுகாப்பு வாயிலில், அண்ணை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த சின்னத் தலையணையை ஓர் அதிகாரி வாங்கித் தட்டில் வைத்து இயந்திரத்துக்குள் அனுப்பினார். அந்தக் கொஞ்ச நேரம் அண்ணை நின்ற நிலை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, மழையில் நனைந்த கோழிபோல ஒடுங்கி, மறுபக்கத்தால் அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார். வந்ததும் பாய்ந்துபோய் எடுத்து அணைத்துக்கொண்டார். என் பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி, எனக்கு மச்சாள், சப்பாத்தைக் குனிந்து மாட்டிக்கொண்டே சொன்னார்: "பாத்தீரே? என்னை ஒருநாள் இப்பிடிக் கட்டிப்பிடிச்சிருந்தால் என்ன குறைஞ்சே போயிருப்பார்?"

நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு தலையணை கொடுப்பதுண்டு. இருமல் வந்தாலோ சிரிப்பு வந்தாலோ தையல் நோகாமல் அமர்த்திப் பிடிப்பதற்காக. காயம் ஆறியதும் பெரும்பாலானவர்கள் அதை எங்கேயாவது எறிந்துவிடுவார்கள். அண்ணைக்குக் காயம் ஆறி, தழும்பு வெளுத்து, ஒரு முழுக் குளிர்காலமும் கழிந்துவிட்டது. தலையணை மட்டும் போகவில்லை. அதை விட்டால் நெஞ்சு திறந்துகொள்ளும் என்று மனிதர் உண்மையாகவே நம்பினார். நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்கிறவள், என் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கும் என்று நினைத்து விளக்கிப் பார்த்தேன். "உனக்குக் குளிசை குடுக்கத்தான் தெரியும், பிள்ளை" என்று ஒரே வரியில் என் படிப்பை மூடிவைத்தார்.

முன்பு இருந்த அண்ணை வேறு. லண்டன் கிங்ஸ்பரியில் கடை வைத்து, இருக்க ஒரு கதிரைகூடப் போடாமல், நின்றே உழைத்த மனிதர். வெஸ்ட் ஈலிங்கில் அம்மன் தேர் வீதிக்கு வரும்போது வடத்தில் முதல் ஆளாக நிற்பார். ஆர்ச்வே முருகனிடம் போவதென்றால் காரை எடுக்கமாட்டார். சுரங்க ரயிலில் வந்து இறங்கி, அந்த மலைத்தெருவை வேட்டியோடு விறுவிறென்று ஏறுவார். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும் எங்களைப் பார்த்து, "முருகன் என்ன லிஃப்ட் வச்சே காத்துக்கொண்டிருக்கிறார்?" என்று கேட்பார். ஒப்பரேஷனுக்குப் பிறகு அதே மனிதர் கோயில் வாசலில் காருக்குள் இருந்தபடியே கும்பிட்டார். மச்சாள் உள்ளே போய் விபூதி கொண்டுவந்து, கண்ணாடியை இறக்கி, நெற்றியில் பூசிவிடுவார்.

டாக்டர் நடக்கச் சொன்னார். தாதி நடக்கச் சொன்னார். இதயம் நன்றாக இருக்கிறது, நடக்காமல் இருந்தால்தான் கெடும் என்று எல்லோரும் தலையால் கிடங்கு கிண்டாத குறையாகச் சொல்லிப் பார்த்தார்கள். அண்ணை வாசல் படலைவரை போவார், திரும்பி வந்து சோபாவில் இருப்பார். காரணம் எங்களுக்குத் தெரியும். எங்கள் தகப்பனார், ஐயா, ஊரில் படியேறும்போதுதான் விழுந்தார், எழும்பவில்லை. அதே வயது அண்ணைக்கும் வந்துவிட்டது. மேட்டைக் கண்டால் அண்ணைக்கு ஐயா விழுவது தெரியும். இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. "கால் உளையுது" என்பார், அவ்வளவுதான்.

அண்ணை சோபாவில் உட்கார்ந்துவிட்டதில் உண்மையில் தேய்ந்துபோனது மச்சாள்தான். இரவில் அவர் படுப்பதே இல்லை என்று சொல்லலாம். அண்ணையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் கொஞ்சம் சரிவார். மறுபடி எழும்பிப் பார்ப்பார். பகலில் கறி தாளித்துக்கொண்டிருக்கும்போதே கண் செருகும். ஒருநாள் மச்சாள் என் சமையலறையில் உள்ளிப்பூண்டை உரித்தபடி, "எனக்கு இந்த மனிசன் செத்துப்போடுவாரோ எண்ட பயமில்லை. இப்பிடியே இருந்து போடுவாரோ எண்டுதான் பயம்" என்று சொன்னார். ஏதாவது செய்யவேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

வழி என் வேலைத்தலத்துத் தோழி ஒருத்தியிடமிருந்து வந்தது. அவள் ஸ்பெயின்காரி. மாட்ரிடிலிருந்து மேற்கே, போர்த்துக்கல் எல்லையோரம் உள்ள ஒரு சிற்றூர் அவளுடையது. "வசந்த காலத்தில் போ. எங்கள் வீட்டில் மேல்மாடி முழுக்க வெறுமை. ரோமர் கட்டின பாலம் இருக்கிறது, மலைமேல் கோட்டை இருக்கிறது, கழுகுகள் இருக்கின்றன. அப்பா கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்" என்றாள். எனக்குப் பழைய கல்லென்றால் பைத்தியம். லண்டனில் ரோமர் மதில் ஒன்று எங்கேயாவது எட்டிப்பார்த்தால்கூட நின்று தொட்டுவிட்டுத்தான் போவேன். எங்கள் சொந்தக்காரர் மத்தியில் எனக்கு அதனாலேயே ஒரு பட்டம் உண்டு: கல்லுப் பாக்கிறவள்.

எங்கள் ஆட்கள் பயணம் போகாதவர்கள் இல்லை. பரிஸ், சூரிச், ஒஸ்லோ, ரொறன்ரோ என்று பறந்துகொண்டேதான் இருக்கிறோம். ஆனால் போவது கலியாணத்துக்கு, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுக்கு, செத்தவீட்டுக்கு. இறங்கினால் மண்டபம், மண்டபத்திலிருந்து மாமி வீடு, மாமி வீட்டிலிருந்து விமான நிலையம். பரிஸுக்குப் பல தரம் போன மச்சாளிடம் அந்த இரும்புக் கோபுரத்தைப் பற்றிக் கேட்டால், "காருக்குள்ளாலை தெரிஞ்சது" என்பார். ஒரு விசேஷமும் இல்லாமல், சும்மா ஓர் ஊரைப் பார்ப்பதற்காக விமானம் ஏறுவது என்றால் வீட்டில் யாருக்கோ மூளை பிசகிவிட்டது என்று அர்த்தம். நான் விஷயத்தைச் சொன்னதும் அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்து, "அங்கை ஆற்றை கலியாணம்?" என்றார். ஒருவருடையதும் இல்லை என்றேன். "அப்ப ஆர் மோசம் போனது?" என்றார், செத்தவீடுதான் என்று முடிவுகட்டி. மச்சாள்தான் முடித்துவைத்தார். "ஒருத்தரும் மோசம் போகேல்லை. போறதுக்கு முந்திப் பாத்திட்டு வருவம். வெளிக்கிடுங்கோ."

மாட்ரிடில் வாடகைக் கார் எடுத்து நான் ஓட்டினேன். வாழ்நாள் முழுக்க இடப்பக்கம் ஓட்டியவள் வலப்பக்கம் ஓட்டினால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு சுற்றுவட்டத்திலும் மச்சாள் முருகனைக் கூப்பிட்டார், அண்ணை தலையணையை இறுக்கினார். ஆனால் நகரம் விலகி, நிலம் விரிந்ததும் எனக்குப் பயமெல்லாம் பறந்துவிட்டது. அப்படி ஒரு வெளியை நான் கண்டதில்லை. பச்சைப் புல்வெளியில் அங்கொன்று இங்கொன்றாக ஓக் மரங்கள், ஒவ்வொன்றும் தன் நிழலைத் தனியே வைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்குக் கீழே கறுத்தப் பன்றிகள் மேய்ந்தன. வழியோரமெல்லாம் உள்ளங்கை அகல வெள்ளைப் பூக்கள், இதழுக்கு இதழ் ஒரு கருஞ்சிவப்புப் புள்ளி. "ஐயோ, பொட்டு வச்சிருக்குதுகள்!" என்று மச்சாள் கத்திய கத்தலில் நான் காரை நிறுத்தியே விட்டேன். அந்த மனுசி இறங்கி ஓடிப்போய்ப் பூவைத் தொட்டுப் பார்த்தார். பிசின் விரலில் ஒட்டியது. அண்ணை காரைவிட்டு இறங்கவில்லை.

ஊர் ஒரு கைப்பிடி அளவுதான். கருங்கல் வீடுகள், நடுவில் ஒரு சதுக்கம், சதுக்கத்தில் தேவாலயம். அதன் கோபுரத்தில் செங்கால் நாரைகள் சுள்ளிகளால் மலைபோலக் கூடு கட்டி, தலையைப் பின்னால் எறிந்து, அலகுகளை டக டக டக என்று அடித்துக்கொண்டிருந்தன. தோழியின் தகப்பனார் வாசலில் நின்று வரவேற்றார். தட்டைத் தொப்பியும் கையில்லாத கம்பளிச் சட்டையும் போட்ட குள்ளமான மனிதர், அண்ணையைவிட வயதில் மூத்தவர். அவருக்கு ஸ்பானியம் தவிர வேறொன்றும் தெரியாது. அண்ணை அதைப் பற்றிக் கவலைப்படாமல் யாழ்ப்பாணத் தமிழில் கதைத்தார். அவர் ஸ்பானியத்தில் பதில் சொன்னார். இரண்டுபேருக்கும் நன்றாக விளங்கியதுபோல்தான் இருந்தது. முதல்நாள் சாப்பாட்டுக்குப் பழைய பாண் ரொட்டியை உதிர்த்து உள்ளியும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்து வைத்தார். அண்ணை ஒரு வாய் எடுத்துப் போட்டு, "இது எங்கடை புட்டுக்கு ஒண்டுவிட்ட தம்பி" என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்தநாள் காலை நானும் மச்சாளும் தேவாலயத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்க, அண்ணை வழக்கம்போலச் சதுக்கத்தில் கிடந்த நீண்ட மரவாங்கில் தலையணையோடு குந்திவிட்டார். நாங்கள் வெளியே வந்தபோது மனிதரின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"இந்த ஊர்ச் சனத்துக்கு மரியாதை தெரியாதே? ஏன் என்னை 'டே' போட்டுக் கதைக்குதுகள்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"பாண் வித்த மனுசி, மிச்சக் காசைத் தந்திட்டு 'டே, நட' எண்டு சொல்லுறா. இந்த வாங்கிலை தள்ளி இடம் விட்ட கிழவன் 'டே, நட' எண்டுது. கோயில் திறக்கிற பொம்பிளை கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, சிரிச்சுக்கொண்டு சொல்லுறா, 'டே, நட'. நான் நடக்கிறேல்லை எண்டு என்ரை நெத்தியிலை எழுதியே ஒட்டியிருக்கு?"

அண்ணை லண்டனிலிருந்து புறப்படுமுன் ஒரேயொரு ஸ்பானியச் சொல்லைப் பாடமாக்கியிருந்தார்: கிராசியாஸ். நன்றி. கடைக்காரர் அல்லவா, நன்றி சொல்லாமல் அவருக்கு நாக்கு மடங்காது. எல்லோருக்கும் அதை வாரி வழங்கினார். ஸ்பெயினில் நன்றி சொன்னவருக்குப் பதிலாக, அதிலென்ன இருக்கிறது, பரவாயில்லை என்ற பொருளில் 'தே நாதா' என்று இரண்டு சொல் சொல்வார்கள். அதை அவர்கள் மென்மையாக, 'ட'வுக்கும் 'த'வுக்கும் நடுவில் ஓர் ஒலியில் சொல்கிறார்கள். கொஞ்சம் அவசரமாகச் சொன்னால், அதுவும் மனதில் குறுகுறுப்போடு கேட்டால், அச்சொட்டாக 'டே, நட'! என் தோழி வேலைத்தலத்தில் எத்தனையோ தரம் சொல்லி நான் கேட்டது. அப்போதெல்லாம் எனக்கு அது தமிழாகக் கேட்கவேயில்லை.

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். மச்சாளின் குதிக்கால் என் பாதத்தின்மேல் ஏறியது. சும்மா ஏறவில்லை, அப்படியே நின்று அரைத்தது.

"சொல்லத்தானே செய்வினம்" என்றார் மச்சாள், முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல். "லண்டன் டொக்டர் சொல்லிக் கேக்கேல்லை. நான் சொல்லிக் கேக்கேல்லை. கெடுகுடி சொற்கேளாது எண்டு முன்பின் தெரியாத சனத்துக்கும் விளங்கியிட்டுது."

"அதுகள் எப்பிடித் தமிழிலை சொல்லுதுகள்?" என்று நான் அப்பாவிபோலக் கேட்டேன். பாதம் வலித்தாலும் எனக்கும் ருசி பிடித்துவிட்டது.

அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "பிள்ளை, தமிழ்தான் உலகத்துப் பாஷை எல்லாத்துக்கும் தாய். கட்டுமரத்தை வெள்ளைக்காரன் என்னெண்டு சொல்லுறான்? கட்டமரான். அப்ப நடையை இவங்கள் நட எண்டு சொல்லாமல் ஓட எண்டே சொல்லுவாங்கள்?" கோயில் மண்டபத்துக் கூட்டங்களில் கேட்ட சொற்பொழிவெல்லாம் அன்றைக்கு உதவியது. மச்சாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நாரைகளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

ரோஷம் வந்தால் அண்ணை பழைய அண்ணை. மறுநாள் தோழியின் தகப்பனார் ரோமர் பாலத்தைக் காட்டக் கூட்டிப்போனபோது, காருக்குள் இருக்கிறேன் என்று சொல்லாமல் தானும் இறங்கினார். "ஓரளவுக்கு வாறன். இவங்கடை வாயை மூடவேணும்" என்றார். ஆற்றங்கரையால் ஒற்றையடிப் பாதை. இருபுறமும் காட்டு ஓமம்போல மணக்கும் செடிகள், கால் பட்டதும் வாசம் எழும்பியது. வளைவில் திரும்பியதும் பாலம் எதிரே நின்றது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது! ஒரு துளி சாந்து இல்லை. கல்லைக் கல் தாங்கி, வளைவு வளைவாக, ஆற்றைத் தாண்டி அந்தப்பக்கம் போய்விட்டது. நடுவில் வண்டிச் சக்கரங்கள் உழுத தடம் கல்லில் பள்ளமாகக் கிடந்தது. நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்தத் தடத்தில் வெறுங்காலோடு நடந்தேன். மச்சாளும் கழற்றினார். அண்ணை பாலத்தின் ஓரக்கல்லில் இருந்து, கடைக்காரக் கண்ணால் வளைவுகளை ஆராய்ந்தார். "கட்டின கொந்திராத்துக்காரன் நல்லவன். இப்ப கட்டினால் அடுத்த மாரிக்கு ஆத்தோடை போயிடும்" என்றார்.

பாலத்துக்கு அப்பால் பள்ளத்தாக்கு. அங்கே செங்குத்தான பாறையில் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு வைத்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கதவளவு இறக்கை. அசைக்காமல் விரித்தபடி, எங்கள் காலுக்குக் கீழே மிதந்து, அப்படியே சுற்றிச்சுற்றித் தலைக்குமேல் எழும்பிப் போயின. தோழியின் தகப்பனார் தன் தூரதரிசினியை அண்ணையிடம் நீட்டினார். அண்ணை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு, "அம்மாடி! முகத்தைப் பார், எங்கடை வட்டிக்கடைக்காரர் மாதிரி!" என்று கத்தினார். பிறகு வழக்கம்போல, கிராசியாஸ். அவரும் வழக்கம்போல, டே நட. அண்ணை பல்லைக் கடித்தார். ஆனால் நடந்தார். இன்னும் கொஞ்சம் போனால் மற்றக் கூடு தெரியும் என்று கிழவர் கைகாட்டிய இடத்துக்கெல்லாம் நடந்தார்.

தூரதரிசினியை வாங்க இரண்டு கை வேண்டியிருந்ததே, அப்போது தலையணை எங்கே போனது என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணைக்கே தோன்றவில்லை. அது பாலத்து ஓரக்கல்லில் கிடந்திருக்கிறது. மாலையில் ஆட்டுக்காரர் ஒருவர் கண்டெடுத்து, விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அண்ணை அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். கையால் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். பிறகு மச்சாளின் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார். நானும் மச்சாளும் ஒருவரையொருவர் பார்க்கப் பயந்துகொண்டு கோப்பை கழுவினோம்.

கடைசிநாள் கோட்டை. அதை நான் வந்த நாளிலிருந்தே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் பின்னால் தனித்த ஒரு கருங்கல் மலை, அதன் உச்சியில் உடைந்த பல்வரிசைபோல மதில். முதலில் வட ஆபிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்கள் கட்டியது, பிறகு கிறித்தவ அரசர்கள் பிடித்தது, பிறகு ஆடுகள் பிடித்தது என்று என் தோழி சொல்லியிருந்தாள். பாதி மலைவரை வண்டிப்பாதை. அதற்குமேல் பாறையிலேயே வெட்டிய படி.

அண்ணை வண்டிப்பாதையைப் பேசிக்கொண்டே ஏறிவிட்டார். படி தொடங்கிய இடத்தில் பேச்சுக் குறைந்தது. கொஞ்சம் ஏறியபின் நின்றார். ஒரு பாறையில் உட்கார்ந்தார். முகத்தில் இரத்தம் வற்றிப்போயிருந்தது. மேலே மதில், கீழே கூரைகளும் நாரைகளும். அவர் இரண்டையும் பார்க்கவில்லை. எதிரே இருந்த படியையே பார்த்தார்.

"ஐயாவும் இப்பிடித்தான்" என்றார். "ஏறிக்கொண்டு போகேக்கை திரும்பி என்னட்டை என்னவோ சொல்ல வெளிக்கிட்டவர். வாயைத் திறந்தவர். அது என்னெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

இத்தனை வருடத்தில் இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஐயா விழுந்தபோது அண்ணை பக்கத்தில் நின்றார் என்பதுகூட எனக்குத் தெரியாது. அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். என்னுடையதைவிட ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் நம்பமாட்டார் என்று கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு சூழ்ச்சி செய்த மச்சாள்தான் முதலில் தளர்ந்தார். அண்ணையின் அருகில் குந்தி, முழங்காலைத் தடவிவிட்டு, "காணும், இஞ்சேருங்கோ. இவ்வளவு தூரம் வந்ததே போதும். இறங்குவம்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. இப்போது இறங்கினால் இறங்கியதுதான். கிங்ஸ்பரி சோபாவரைக்கும் இறங்கவேண்டியதுதான்.

முன்னால் போய்க்கொண்டிருந்த தோழியின் தகப்பனார் எங்களைக் காணாமல் திரும்பி வந்தார். நிலைமையைப் பார்த்தார். தோளில் தொங்கிய தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அண்ணையிடம் கொடுத்தார். அண்ணை அண்ணாந்து குடித்தார். வாயைப் புறங்கையால் துடைத்தார். போத்தலைத் திருப்பிக் கொடுக்கும்போது, அந்த நிலையிலும் கடைக்கார நாக்கு சும்மா இருக்குமா?

"கிராசியாஸ்."

அந்தக் கிழவர் தொப்பியைச் சற்றுத் தூக்கி, மிகவும் மெல்ல, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"டே நட."

அண்ணை அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த மனிதருக்கு அண்ணையைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். அந்தப் படிகளை இரண்டாம் தரம் ஏறப்போகிறவர். அண்ணையின் முகத்தில் கோபம் வரவில்லை. பாறையில் கையை ஊன்றி எழும்பினார். வேட்டி கட்டியிருந்தால் மடித்துக் கட்டியிருப்பார், காற்சட்டை என்பதால் இடுப்புப் பட்டியை மட்டும் இழுத்துவிட்டார்.

"ஓம், ஐயா" என்றார் அந்தக் கிழவரிடம், தமிழிலேயே. "நடக்கிறன்."

ஏறினார். நின்று நின்று, பாறையைப் பிடித்துப் பிடித்து ஏறினார். மதிலில் இருந்த உடைந்த வாயிலால் உள்ளே நுழைந்ததும் காற்று எங்களை ஒருதரம் தள்ளியது. என்ன காட்சி, என்ன காட்சி! ஒருபுறம் நாங்கள் வந்த ஓக் வெளி முழுவதும் பச்சையாக, முடிவே இல்லாமல். மறுபுறம் ஆழத்தில் ஆறு. ஆற்றுக்கு அந்தப்பக்கம் போர்த்துக்கல் என்று கிழவர் கைகாட்டினார். அண்ணை கண்ணைச் சுருக்கி ஆற்றின் இரண்டு கரையையும் மேலும் கீழும் தேடினார். "எல்லை எண்டு சொல்லுறார். ஒரு சென்ரிக் காவலையும் காணேல்லை. ஒரு முள்ளுக்கம்பியைக் காணேல்லை. ஆடு அங்காலை போய்த் தண்ணி குடிச்சிட்டு வருது, பிள்ளை!" என்று கூவினார். மதிலின் ஒவ்வொரு பொந்தாலும் எட்டிப் பார்த்தார். மழைநீர் சேர்க்கப் பாறையில் குடைந்த தொட்டிக்குள் தலையை விட்டு "ஹோ" என்று கத்தினார். அது திரும்பிக் கத்தியதும் இன்னொருதரம் கத்தினார். நானும் கத்தினேன். தோழியின் தகப்பனாரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கத்தினார்.

அப்போதுதான் மச்சாள் உண்மையைச் சொன்னார். "இஞ்சேருங்கோ, அவை உங்களை நடக்கச் சொல்லேல்லை. நன்றி சொன்னால் இந்த ஊரிலை அப்பிடித்தான் திருப்பிச் சொல்லுறவை. பரவாயில்லை எண்டு கருத்து. தங்கச்சிக்கும் தெரியும். நான்தான் வாயைத் திறக்க விடேல்லை."

அண்ணை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஒரு வருடமாக அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் அன்றைக்கு வந்தது. நெஞ்சைப் பொத்தவில்லை, எதையும் அணைக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து, மதிலில் சாய்ந்து, கண்ணீர் வர வரச் சிரித்தார். "அப்ப கட்டமரான்?" என்றேன். "அது தமிழ்தான்!" என்று சிரிப்புக்கு நடுவிலும் விட்டுக்கொடுக்காமல் சொன்னார்.

சிரித்து ஓய்ந்து நாங்கள் திரும்பியபோது மச்சாளின் சத்தத்தைக் காணோம். வெயில் படும் பக்கத்து மதிலோரப் புல்லில், காலை நீட்டி, கைப்பையைத் தலைக்கு வைத்து, அவர் நித்திரையாகிப் போயிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எறும்பு ஒன்று சேலைக் கரையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. நான் கூப்பிடப் போனேன். அண்ணை கையை நீட்டித் தடுத்தார். போய் அவர் முகத்தில் நிழல் விழும்படி உட்கார்ந்துகொண்டார். வெயில் நகர நகரத் தானும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார். சூரியன் போர்த்துக்கல் பக்கம் சாயத் தொடங்கியதும் தோழியின் தகப்பனார் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அண்ணை உதட்டில் விரலை வைத்தார். கிழவர் தலையாட்டிவிட்டுத் தானும் ஒரு கல்லில் இருந்துவிட்டார். மூன்றுபேரும் பேசாமல் காவல் இருந்தோம். மச்சாள் குறட்டை விட்டார். அண்ணை அதைக் கச்சேரி கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அது நடந்து இப்போது சில வருடங்களாகிவிட்டன. அண்ணை இன்றைக்கும் காலையில் வெளிக்கிட்டால் கிங்ஸ்பரியின் எந்தப் புல்மேட்டில் நிற்பார் என்று சொல்லமுடியாது. கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார். போன ஞாயிற்றுக்கிழமை ஏதோ அவசரத்துக்கு அவரைத் தேடி வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். நெடுநேரம் அடித்தபின் மச்சாள் எடுத்தார். குரல் கட்டிப்போய்க் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"அண்ணை எங்கை, மச்சாள்?"

"ஆருக்குத் தெரியும். விடியப் போனவர்."

"இப்ப மத்தியானமாச்சு. தேடேல்லையே நீங்கள்?"

மச்சாள் நீளமாக ஒரு கொட்டாவி விட்டார்.

"நான் ஏன் தேடுறன்? நான் நல்ல நித்திரை. நீர்தான் எழுப்பிப்போட்டீர்."